செலுத்துநிலைக் கணக்கின் எண்கள் எங்கிருந்து வருகின்றன?

கேள்வி மூன்று பகுதியாக வந்தது. நாட்டுக்குள் வந்த டாலர் எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்பது ரிசர்வ் வங்கிக்கு எப்படித் தெரிகிறது? கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள்? 1950களின் செலுத்துநிலை (balance of payments) எண்களை இன்றைய எண்களோடு அப்படியே ஒப்பிடலாமா?

மூன்றாவது கேள்விக்கான விடை முதல் இரண்டில் இருக்கிறது என்பதால் வரிசையாகவே போகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் இந்தப் புள்ளிவிவரம் புள்ளிவிவரத்துக்காகப் பிறக்கவில்லை. அந்நியச் செலாவணியைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்துக்காக வங்கிகள் படிவம் படிவமாக நிரப்பின. அந்தப் படிவங்களைக் கூட்டியதில் கிடைத்த உபரிப் பொருள்தான் செலுத்துநிலைக் கணக்கு. சட்டம் எதைக் கேட்டதோ அது எண்ணப்பட்டது, கேட்காதது விடுபட்டது. அதனால் ஒரு ஆண்டின் எண்ணைப் பார்க்கும்போது, அந்த ஆண்டில் எந்தச் சட்டம் நடப்பில் இருந்தது என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கணக்கின் அமைப்பு பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். இந்தியாவில் வசிப்பவர்களுக்கும் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கும் இடையே ஓர் ஆண்டிலோ காலாண்டிலோ நடந்த எல்லாப் பரிவர்த்தனைகளும் அதில் வர வேண்டும். சரக்கு, சேவை, வட்டி, லாபம், வீட்டுக்கு அனுப்பிய பணம் எல்லாம் நடப்புக் கணக்கு. முதலீடும் கடனும் மூலதனக் கணக்கு. மிச்சம் கையிருப்பில் கூடும் அல்லது குறையும். இரட்டைப் பதிவு முறை என்பதால் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். வராதபோது வித்தியாசத்தை ‘பிழைகளும் விடுபாடுகளும்’ என்ற வரியில் போடுவார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் இதில் பாதிதான் இருந்தது. துறைமுகச் சுங்கம் வழியாகப் போய்வந்த சரக்கின் கணக்கு நன்றாகவே இருந்தது. அந்தக் கணக்கில் இந்தியா ஏறக்குறைய எப்போதும் ஏற்றுமதி உபரி நாடு. அப்படியானால் அந்த உபரிக்கு ஈடான பணம் எங்கே என்று தேசியத் தலைவர் தாதாபாய் நௌரோஜி கேட்டார். லண்டனில் இந்தியாவின் பெயரில் செலவான ‘ஹோம் சார்ஜஸ்’, இங்கிலாந்துக்காரர்கள் தாயகத்துக்கு அனுப்பிய சம்பளமும் லாபமும், இவையெல்லாம் உபரியைத் தின்றுகொண்டிருந்தன. பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சர் லண்டனில் விற்ற கவுன்சில் பில்களின் (அங்கே பவுன் கட்டினால் இங்கே ரூபாய் தரும் உத்தரவுகள்) தொகை தெரியும். கப்பல் கூலி, காப்பீடு, தனியார் அனுப்பிய பணம் ஆகியவற்றை முறையாக எண்ணியவர் யாருமில்லை. அந்த வகையில் நௌரோஜியின் சண்டையை, செலுத்துநிலைக் கணக்கு இல்லாத ஒரு நாட்டில் அதைக் கேட்டு நடந்த சண்டை என்றும் சொல்லலாம்.

1935 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வந்தபோதும் நிலைமை உடனே மாறவில்லை. மாற்றியது போர். 1939 செப்டம்பரில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு வந்தது. அதை நடத்த ரிசர்வ் வங்கியில் தனித் துறை தொடங்கினார்கள். வெளிநாட்டு நாணயம் வாங்கவும் விற்கவும் அங்கீகாரம் பெற்ற வங்கிகளுக்கு மட்டுமே அனுமதி. விற்றால் எதற்கென்று எழுதி வாங்கிக்கொண்டு, அதை அவை ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் ஸ்டெர்லிங் பகுதி நாடுகளுடனான (பிரிட்டிஷ் பவுனோடு தங்கள் நாணயத்தை இணைத்திருந்த நாடுகள்) பரிவர்த்தனைக்குப் பெரும்பாலும் தடையில்லை. தடையில்லாத இடத்தில் படிவமும் இல்லை. போர் முடியும்போது லண்டனில் இந்தியாவுக்கு 100 கோடி பவுனுக்கும் மேல் ஸ்டெர்லிங் இருப்பு சேர்ந்திருந்தது. மொத்தத் தொகை தெரியும், அது சேர்ந்த வழிகளின் விவரம் அதே அளவு தெளிவாகக் கிடையாது.

1947 மார்ச்சில் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டிலேயே ஸ்டெர்லிங் பகுதியும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பிறகுதான் முழுமையான கணக்கு என்று ஒன்றைப் போட வழி பிறந்தது. அதே நேரத்தில் பிரிவினை. கிழக்கு வங்காளத்திலிருந்து கல்கத்தா ஆலைகளுக்கு வந்த சணல் அதுவரை உள்நாட்டு வணிகம். 1947 ஆகஸ்டுக்குப் பிறகு அதுவே இறக்குமதி. முந்தைய ஆண்டோடு ஒப்பிட முடியாத ஒரு புது நாட்டின் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

சர்வதேச நாணய நிதியம் தன் செலுத்துநிலைக் கையேட்டின் முதல் பதிப்பை 1948 ஜனவரியில் வெளியிட்டது. எந்தத் தலைப்பில் எதைப் போடுவது என்று எல்லா நாடுகளுக்கும் பொதுவான வரையறை வந்தது. இந்தியா நிதியத்தின் தொடக்க உறுப்பினர் என்பதால் இந்த எண்களைக் கொடுத்தாக வேண்டும். ரிசர்வ் வங்கி தொகுத்த தொடர் 1948-49இலிருந்து கிடைப்பதற்குக் காரணம் இந்தச் சேர்க்கைதான்: படிவங்களைச் சட்டம் கொடுத்தது, தலைப்புகளைக் கையேடு கொடுத்தது. அதே 1948இல் ஜூன் 30ஆம் தேதி நிலவரப்படி இந்தியாவின் வெளிநாட்டுச் சொத்துகளையும் கடன்பாடுகளையும் ரிசர்வ் வங்கி ஒரு முழுக் கணக்கெடுப்பாகவே எடுத்தது. எந்த பிரிட்டிஷ் கம்பெனிக்கு இங்கே எவ்வளவு முதலீடு என்ற கேள்விக்கு அதற்கு முன் ஊகங்கள்தான் பதிலாக இருந்தன.

சரி, படிவங்கள் எப்படி வேலை செய்தன? வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பழைய காலத்தில் இருந்தவர்களுக்கு இது மனப்பாடம். இறக்குமதிக்குப் பணம் அனுப்ப ஏ-1 படிவம். மற்ற எதற்கும், அதாவது படிப்பு, வைத்தியம், பயணம், ராயல்டி போன்றவற்றுக்கு ஏ-2. ஏற்றுமதியாளர் சரக்கை அனுப்பும்போது ஜி.ஆர். படிவம். அதன் மூலப்படி சுங்கத்திலிருந்து ரிசர்வ் வங்கிக்குப் போகும், நகல் ஏற்றுமதியாளரின் வங்கியில் இருக்கும். வெளிநாட்டிலிருந்து பணம் வந்தபின் அந்த நகலும் ரிசர்வ் வங்கிக்குப் போகும். இரண்டையும் அங்கே ஜோடி சேர்ப்பார்கள். ஜோடி சேராமல் நிற்பவர், சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்தை வெளியே நிறுத்திவிட்டார் என்று பொருள். அவருக்குக் கடிதம் போகும். புள்ளிவிவரம் இந்தப் போலீஸ் வேலையின் பக்கவிளைவுதான்.

வங்கிகள் இவற்றையெல்லாம் தொகுத்துக் குறித்த கால இடைவெளியில் அனுப்பும் கணக்குக்கு ஆர்-ரிட்டர்ன் என்று பெயர். இதில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. வாங்கியது, விற்றது என்ற பட்டியல் மட்டும் போதாது. வங்கி வெளிநாட்டில் வைத்திருக்கும் நாஸ்ட்ரோ கணக்கின் தொடக்க இருப்பு, இறுதி இருப்பு இரண்டையும் நாணயவாரியாகக் காட்ட வேண்டும். தொடக்கத்தோடு வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால் இறுதி இருப்பு வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு பரிவர்த்தனை பட்டியலில் விடுபட்டிருக்கிறது. கிளையில் தவறவிட்ட ஒரு ஏ-2 படிவம் கூட இந்த வலையில் மாட்டும் (மாட்டியதும் யார் தலையில் விழும் என்பது வேறு கதை). தாள் காலத்திலேயே இப்படி ஒரு சரிபார்ப்பை உள்ளே வைத்திருந்தது நல்ல வடிவமைப்பு. இன்றைய மின்னணு வடிவத்திலும் அது தொடர்கிறது.

வங்கி வழியாக வராத விஷயங்களும் இருந்தன. 1950களின் நடுவிலிருந்து, பி.எல்.480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் கோதுமை வந்தது. இறக்குமதி என்பது உண்மை. ஆனால் டாலர் எதுவும் வெளியே போகவில்லை. விலை ரூபாயில் கொடுக்கப்பட்டு இங்கேயே அமெரிக்க அரசின் கணக்கில் சேர்ந்தது. ஆர்-ரிட்டர்னில் இது எங்கும் தென்படாது. அரசுக் கணக்கிலிருந்து எடுத்து, ஒரு பக்கம் இறக்குமதியாகவும் மறுபக்கம் அதிகாரபூர்வ நிதி வரவாகவும் எழுத வேண்டும். அந்த ரூபாய் இருப்பில் 1,664 கோடியை 1974 பிப்ரவரியில் அமெரிக்கா இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுத்தது. சோவியத் யூனியனுடன் ரூபாயில் நடந்த வணிகத்திலும் இதே தலைவலி. ராணுவத் தளவாடம் கடனில் வந்தால் அது சுங்கப் புள்ளிவிவரத்திலும் வராது, வங்கிப் படிவத்திலும் வராது.

சரக்கு வணிகத்தில் இன்னொரு பழைய சிக்கல். ஒரே இறக்குமதியை இரண்டு பேர் பதிகிறார்கள். சரக்கு எல்லையைத் தாண்டும்போது சுங்கத் துறை பதிகிறது, அதை கொல்கத்தாவில் உள்ள வணிகப் புலனாய்வு மற்றும் புள்ளியியல் தலைமை இயக்ககம் தொகுக்கிறது. பணம் போகும்போது வங்கி பதிகிறது. சரக்கு மார்ச்சில் வந்து பணம் ஜூனில் போனால் இரண்டும் இரண்டு நிதியாண்டில் விழும். இரண்டு தொடரும் பல ஆண்டுகள் கணிசமாக விலகியே இருந்தன. ஏன் விலகுகின்றன என்று ஆராயவே ஒரு தொழில்நுட்பக் குழு அமைக்க வேண்டிவந்தது. ஏற்றுமதியை துறைமுகத்தில் கப்பலேற்றும் விலையிலும், இறக்குமதியை கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த விலையிலும் காட்டும் வழக்கத்தையும் மனத்தில் வைக்க வேண்டும். வணிகப் பற்றாக்குறை அதனாலேயே கொஞ்சம் பெரிதாகத் தெரியும்.

தாள்வழிக் கணக்கின் பெரிய குறை தாமதம். முழுக் கணக்கு வெளிவரப் பல மாதங்கள் ஆகும், விரிவான திருத்தம் அதற்கும் பிறகு வரும். இதன் விலை 1990-91இல் தெரிந்தது. அந்த ஆண்டு நடப்புக் கணக்குப் பற்றாக்குறை சுமார் 970 கோடி டாலர், உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 3 சதவீதம். நெருக்கடி நடந்துகொண்டிருந்தபோது அதிகாரிகள் கையில் இருந்தது தினசரிக் கையிருப்பு எண்தான், முழுச் செலுத்துநிலைக் கணக்கு அல்ல. 1991 ஜூலையில் சுமார் 47 டன் தங்கத்தை பேங்க் ஆஃப் இங்கிலாந்திடமும் பேங்க் ஆஃப் ஜப்பானிடமும் அடகு வைத்த கதை எல்லோருக்கும் தெரியும்.

அதன்பின் பொருளாதார அறிஞர் சி. ரங்கராஜன் தலைமையில் செலுத்துநிலை பற்றிய உயர்மட்டக் குழு அமைந்தது. 1993இல் அறிக்கை வந்தது. அதன் கொள்கைப் பரிந்துரைகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். கணக்கு எழுதும் முறையில் அது செய்த வேலை எனக்கு அதே அளவு முக்கியமாகப் படுகிறது. ராணுவ இறக்குமதி 1990-91 முதல் சரக்கு இறக்குமதியில் சேர்ந்தது. ரூபாய்ப் பகுதிக் (சோவியத் யூனியன் போல ரூபாயில் வணிகம் செய்த நாடுகளின்) கடனுக்கான வட்டியும் அசலும் ‘ரூபாய்க் கடன் சேவை’ என்ற தனி வரியில் மூலதனக் கணக்கில் வந்தன. பட்டியலின் அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் இருக்கும் இந்தச் செய்தி, 1990-91ஐ ஒரு மதில்போல நிறுத்துகிறது. மதிலுக்கு இந்தப் பக்க இறக்குமதியும் அந்தப் பக்க இறக்குமதியும் ஒரே பொருளைக் குறிப்பவை அல்ல.

வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பும் பணம் இதற்கு இன்னும் நல்ல உதாரணம். கணக்கில் அது ‘தனியார் மாற்றல்’ என்ற வரியில் வரும். 1990-91இல் அதன் நிகர வரவு சுமார் 207 கோடி டாலர். 1996-97இல் சுமார் 1,237 கோடி. ஆறே ஆண்டில் ஆறு மடங்கு. வளைகுடாவில் இருந்தவர்கள் திடீரென்று ஆறு மடங்கு சம்பாதிக்கவில்லை. மூன்று காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. ஒன்று, 1993 மார்ச்சில், அதிகாரபூர்வம், சந்தை என்று இரண்டாக இருந்த டாலர் மாற்று விகிதம் ஒன்றானதும் ஹவாலாவுக்கு இருந்த லாபம் சுருங்கி, பணம் வங்கி வழிக்கு வந்தது. முன்பும் அந்தப் பணம் வந்துகொண்டுதான் இருந்தது, படிவத்தில் இல்லை. இரண்டு, 1992இல் வெளிநாடுவாழ் இந்தியர் ஊர் திரும்பும்போது 5 கிலோ வரை தங்கத்தைத் தீர்வை கட்டிக் கொண்டுவர அனுமதி கிடைத்தது. 1992-93 முதல் அந்தத் தங்கமும் வெள்ளியும் இறக்குமதியில் செலவாகவும், தனியார் மாற்றலில் வரவாகவும் எழுதப்பட்டன. அதற்கு முன் வந்த தங்கம் கடத்தல், எந்தக் கணக்கிலும் இல்லை. மூன்று, வெளிநாடுவாழ் இந்தியர் வைப்புக் கணக்கிலிருந்து இங்கேயே ரூபாயாக எடுத்துச் செலவழித்த தொகையும் மாற்றலாகச் சேர்ந்தது. இவை போக, உண்மையான வளர்ச்சியும் இருந்தது. எது எவ்வளவு என்று வெறும் தொடரைப் பார்த்துப் பிரிக்க முடியாது. “1991 சீர்திருத்தத்தால் பணவரவு ஆறு மடங்கானது” என்று வரைபடம் போடுபவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இனி கதை திரும்புகிறது. 1994 ஆகஸ்டில் நடப்புக் கணக்குப் பரிவர்த்தனைகளுக்கு ரூபாய் மாற்றத்தக்கதானது. 2000 ஜூனில் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் (ஃபெமா), பழைய ஒழுங்குமுறைச் சட்டமான ஃபெராவின் இடத்துக்கு வந்தது. 2004 பிப்ரவரியில் தனிநபர் ஆண்டுக்கு 25,000 டாலர் தாராளமாக அனுப்பலாம் என்றார்கள், இன்று அது 2,50,000. கட்டுப்பாடு தளரத் தளர, ‘ஏன் அனுப்புகிறாய்’ என்று கேட்கும் சட்டத்தின் பிடியும் தளர்ந்தது. மக்களுக்கு நல்லது. புள்ளிவிவரம் தொகுப்பவருக்கு அடித்தளமே ஆட்டம் காணும் விஷயம்.

ரிசர்வ் வங்கி இரண்டு வழியில் ஈடுகட்டியது. அனுமதி கேட்பதை விட்டாலும் காரணத்தைப் பதிவதை விடவில்லை. வங்கியில் இன்றும் ஏ-2 படிவத்தில் ஒரு நோக்கக் குறியீடு எழுதச் சொல்வது இதற்காகத்தான். பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்புக்கு எஸ்0305, வெளிநாட்டிலிருந்து குடும்பச் செலவுக்கு வரும் பணத்துக்கு பி1301. பல பேர் ஏதோ ஒரு குறியீட்டைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த அலட்சியம் நேராகத் தேசியக் கணக்கில் போய் உட்காருகிறது. 2004இல் ஃபீட்டர்ஸ் என்ற மின்னணு முறையில் ஆர்-ரிட்டர்ன் வரத் தொடங்கியது. ஏற்றுமதி ஜோடி சேர்ப்பு 2014இல் இ.டி.பி.எம்.எஸ். என்ற அமைப்புக்குப் போனது, இறக்குமதிக்கு 2016இல் ஐ.டி.பி.எம்.எஸ். வந்தது.

இன்னொரு வழி, நேரடி ஆய்வு. வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாததைக் கம்பெனியிடம் கேட்பது. மென்பொருள் ஏற்றுமதிதான் இதை அவசியமாக்கியது. மென்பொருள் எந்தத் துறைமுகத்தையும் தாண்டுவதில்லை. பில் தொகையில் ஒரு பகுதி அமெரிக்காவிலேயே ஊழியர் சம்பளமாகச் செலவாகிவிடும், மிச்சம்தான் இங்கே வரும். வங்கி பார்ப்பது வந்த பணத்தை மட்டும். அதனால் மென்பொருள் நிறுவனங்களிடம் தனி ஆய்வு நடத்துகிறார்கள். வெளிநாட்டு முதலீடு பெற்ற அல்லது வெளிநாட்டில் முதலீடு செய்த நிறுவனங்கள் ஒவ்வொரு ஆண்டும் ஜூலை 15க்குள் சொத்து-கடன்பாட்டு அறிக்கை தர வேண்டும். 1948இல் ஒருமுறை எடுத்த கணக்கெடுப்பின் வாரிசு என்று அதைச் சொல்லலாம். அனுப்பும் பணம் எந்த மாநிலத்துக்குப் போகிறது என்பதும் வங்கிகளிடம் நடத்தும் ஆய்வில்தான் தெரிகிறது. 2023-24இல் வந்த சுமார் 11,870 கோடி டாலரில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம், மகாராஷ்டிரம், கேரளத்துக்கு அடுத்த இடம்.

நேரடி முதலீட்டுக் கணக்கு மாறியதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனி இங்கே சம்பாதித்த லாபத்தை எடுத்துப் போகாமல் இங்கேயே போட்டால், பணம் எல்லையைத் தாண்டவே இல்லை. சர்வதேசக் கையேடு, அதை லாபமாக வெளியே போனது போலவும் உடனே முதலீடாகத் திரும்பி வந்தது போலவும் எழுதச் சொல்கிறது. இந்தியா வெகுகாலம் இதைச் செய்யவில்லை. 2003இல் 2000-01 வரை பின்னோக்கித் திருத்தியபோது, 2001-02க்கான அந்நிய நேரடி முதலீடு சுமார் 390 கோடி டாலரிலிருந்து 610 கோடிக்கு மேல் போனது. ஒரு டாலர் கூடப் புதிதாக வரவில்லை. சீனாவோடு ஒப்பிட்டு இந்தியாவை மட்டம் தட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்கும்.

1996 டிசம்பரில் சர்வதேச நாணய நிதியத்தின் சிறப்புத் தரவுத் தரநிலையில் இந்தியா சேர்ந்தது. காலாண்டுக் கணக்கை ஒரு காலாண்டுக்குள் வெளியிட வேண்டிய கடமை வந்தது, இன்று அது நடக்கிறது. கையேட்டின் ஆறாம் பதிப்பு 2009இல் வந்தபின் தலைப்புகள் மறுபடி மாறின. சரக்கு எல்லை தாண்டியதா என்பதைவிட உரிமை மாறியதா என்பதே இப்போது அளவுகோல். வேறொருவருக்குச் சொந்தமான மூலப்பொருளை வாங்கி வேலை மட்டும் செய்து திருப்பி அனுப்பினால், அது சரக்கு வணிகம் அல்ல, சேவை. ஏழாம் பதிப்பு 2025 மார்ச்சில் வெளியாகிவிட்டது. 2029-30 வாக்கில் நாடுகள் அதற்கு மாற வேண்டும்.

வேகமாக வரும் எண் என்றால் திருத்தமும் வரும். 2023-24க்கான நடப்புக் கணக்குப் பற்றாக்குறை முதலில் 2,320 கோடி டாலர் என்று வந்தது. ஓராண்டு கழித்து அதே ஆண்டுக்கு 2,600 கோடி. இது மறைத்தல் அல்ல, தாமதமாக வந்த அறிக்கைகள் சேர்வதுதான். மூலத்திலேயே பிழை நடப்பதும் உண்டு. 2024 நவம்பரில் தங்க இறக்குமதி சுமார் 1,480 கோடி டாலர் என்று அறிவித்தார்கள், அதை வைத்து ரூபாயின் மதிப்பு பற்றியும் பேச்சு எழுந்தது. பிறகு அது 980 கோடி என்று திருத்தப்பட்டது. சிறப்புப் பொருளாதார மண்டலத் தரவை ஒரு கணினி அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியபோது ஒரே தங்கம் இரண்டு முறை எண்ணப்பட்டிருந்தது. செய்தித்தாள் தலைப்புகள் மாதாந்திர சுங்க எண்ணைப் பார்த்து வருபவை. செலுத்துநிலைக் கணக்கு கொஞ்சம் பொறுத்து வருவதில் நன்மையும் உண்டு.

பிழைகளும் விடுபாடுகளும் இந்தியாவில் பெரும்பாலும் சிறிய தொகைதான். அதனால் கணக்கு துல்லியம் என்று நம்பிவிட வேண்டாம். ஏற்றுமதியைக் குறைத்துக் காட்டி அந்தப் பணத்தை ஹவாலாவில் கொண்டுவந்தால், வரவும் செலவும் சேர்ந்தே கணக்கிலிருந்து மறையும். அந்த வரியில் அதன் தடம் விழாது.

கையிருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். 2022-23இல் கையிருப்பு சுமார் 2,890 கோடி டாலர் குறைந்தது. அதில் செலுத்துநிலைக் கணக்குப்படி உண்மையில் வெளியே போனது சுமார் 910 கோடிதான். மிச்சம் யூரோ போன்ற நாணயங்களும் பத்திரங்களும் டாலர் மதிப்பில் இறங்கியதால் வந்த மதிப்பீட்டு இழப்பு.

அப்படியானால் 1950களோடு ஒப்பிடலாமா? பெரிய போக்குகளுக்கு ஒப்பிடலாம், அதுவும் உள்நாட்டு உற்பத்தியின் சதவீதமாக. ரூபாய்த் தொகைகளை வரிசையாக வைத்தால் 1949, 1966, 1991 பணமதிப்புக் குறைப்புகள் படத்தைக் கெடுக்கும். இறக்குமதியையும் வணிகப் பற்றாக்குறையையும் 1990-91இல் வெட்டித் தனித்தனியாகப் பாருங்கள். தனியார் மாற்றலை 1992-93இல் வெட்டுங்கள், நேரடி முதலீட்டை 2000-01இல். வேலைக்காக வந்து திரும்பும் சரக்கும் சேவை வரிகளும் ஆறாம் கையேட்டுக்கு முன்னும் பின்னும் வேறு. ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டில் பட்டியலை எடுக்கும்போது எண்களை மட்டும் நகலெடுக்காமல், கீழே உள்ள அடிக்குறிப்புகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டு விழும் இடங்களில் பெரும்பாலானவை அங்கே குறித்திருக்கும்.